தேர்ந்து தெளிதல்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாததை அளக்கும் கருவியைச் செய்வது அரிது. அக்கருவி காட்டியது உண்மைதானா எனத் தன்னைத்தானே வினவும் மனத்தைப் பெறுவது அதனினும் அரிது. ஈர்ப்பலைகளைக் கண்டறிய அறிவியல் உலகம் மேற்கொண்ட நூறாண்டுத் தேடல், இவ்விரண்டும் கைகூடிய வரலாறு. அவ்வரலாற்றின் வழியே, அறிவுத் தேடலில் ஐயத்துக்கு உரிய இடத்தை ஆராய்கிறது இக்கட்டுரை.

ஐந்து மாத மௌனம்

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள். இந்திய நேரப்படி பிற்பகல் 3 மணி 20 நிமிடம் 45 நொடி. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்னும் ஊருக்கு அருகிலுள்ள லைகோ ஆய்வகத்தின் கருவி, மெல்லியதோர் அதிர்வைப் பதிவு செய்தது. ஏறத்தாழ 7 மில்லி நொடிகள் கழித்து, 3000 கி.மீ. தொலைவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் இருக்கும் அதன் இணைக்கருவியும் அதே அதிர்வைப் பதிவு செய்தது. அவ்வதிர்வு நீடித்த காலம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி, நெருங்கி, இணைந்து ஒன்றாயின என்னும் செய்தியை அது சுமந்து வந்திருந்தது.

இச்செய்தியை அறிவியலாளர்கள் உலகுக்கு அறிவித்த நாள் 2016 பிப்ரவரி 11. இடைப்பட்ட ஐந்து மாதங்களில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தனர்? தாங்கள் கண்டது பொய்யாக இருப்பதற்கான வழிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தனர். உலகம் அந்தக் கணநேர அதிர்வைக் கொண்டாடியது. அதற்கு முன்னிருந்த ஐந்து மாத மௌனமும் அதே அளவு போற்றுதலுக்கு உரியது. அந்த மௌனம் எங்கிருந்து வந்தது என அறிய, நூறாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மேதையும் ஐயத்துக்கு விலக்கல்லர்

நிறையுள்ள பொருள் தன்னைச் சூழ்ந்துள்ள காலவெளியை வளைக்கிறது. அவ்வளைவையே நாம் ஈர்ப்பாக உணர்கிறோம் என்பது ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1915இல் வகுத்த பொதுச் சார்பியல் கோட்பாட்டின் சாரம். பெருநிறைகள் ஒன்றையொன்று சுற்றி விரையும்போது காலவெளியில் அலைகள் எழுந்து ஒளியின் வேகத்தில் பரவும் என்று 1916இல் அவர் கணித்தார். இவையே ஈர்ப்பலைகள். இவ்வலை கடந்து செல்லும்போது, வெளி ஒரு திசையில் நீண்டு, அதற்குச் செங்குத்தான திசையில் சுருங்கும். அடுத்த கணம் இது மாறி நிகழும்.

இந்த மாற்றம் எவ்வளவு சிறியது? 2015இல் வந்த அலை, 4 கி.மீ. நீளத்தில் ஏற்படுத்திய மாற்றம் புரோட்டான் ஒன்றின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு. சூரியனுக்கு அடுத்துள்ள விண்மீன் வரையிலான தொலைவு, ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவாக மாறினால் எப்படியோ, அப்படி. இதனை மனிதர் ஒருநாளும் அளக்க இயலாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

இவ்வலைகள் உண்மையில் உள்ளனவா என்னும் ஐயம் ஐன்ஸ்டைனுக்கே எழுந்தது. 1936இல் நேதன் ரோசனுடன் இணைந்து, ஈர்ப்பலைகள் இல்லை என நிறுவுவதாகக் கருதிய கட்டுரையொன்றைப் ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழுக்கு அவர் அனுப்பினார். இதழாசிரியர் அதனைப் பெயர் வெளியிடப்படாத நடுவர் ஒருவரின் பார்வைக்கு அனுப்ப, அவர் அதிலிருந்த பிழையைச் சுட்டி எழுதினார். வெளியாகும் முன்பே கட்டுரை பிறர் கைக்குச் சென்றதை விரும்பாத ஐன்ஸ்டைன், அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆயினும் பிழை பிழைதான். 1937இல் வேறோர் இதழில் அக்கட்டுரை வெளியானபோது அதன் முடிவு மாற்றப்பட்டிருந்தது. அந்த நடுவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்னும் இயற்பியலாளர் என்பது பல்லாண்டுகளுக்குப் பிறகு உறுதியானது.

சொன்னவர் யார் என்று பாராமல், சொன்னது எது என்று மட்டும் பார்த்த ஒருவரால் ஈர்ப்பலைகளின் கதை தடம் மாறாமல் தொடர்ந்தது.

வெபரின் உருளைகள்

இவ்வலைகளை ஆய்வுக்கூடத்தில் தேடத் துணிந்த முதல்வர் மேரிலாண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் வெபர். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெரிய அலுமினிய உருளைகளைத் தொங்கவிட்டு, ஈர்ப்பலை பட்டால் அவை மணிபோல் அதிரும் என எதிர்பார்த்தார். மேரிலாண்டிலும் சிகாகோ அருகிலும் இருந்த உருளைகள் ஒரே கணத்தில் அதிர்ந்தன என 1969இல் அவர் அறிவித்தபோது உலகமே வியந்தது.

பல நாடுகளில் அறிவியலாளர்கள் அதே ஆய்வைச் செய்து பார்த்தனர். எவருக்கும் அவ்வதிர்வுகள் கிட்டவில்லை. தம் தரவையும் மற்றொரு குழுவின் தரவையும் ஒப்பிட்டு ஒரே கணத்து அதிர்வுகளைக் கண்டதாகவும் வெபர் கூறினார். அவ்விரு குழுக்களின் கடிகாரங்களுக்கிடையே நான்கு மணி நேர வேறுபாடு இருந்தது பின்னர் தெரியவந்தது. அவர் ஒரே கணம் என்று கருதியவை உண்மையில் நான்கு மணி நேரம் விலகி நின்றவை. 1970களின் நடுப்பகுதியில் அவருடைய முடிவுகளை அறிவியல் உலகம் கைவிட்டது. வெபரோ 2000இல் மறையும்வரை தம் கூற்றிலிருந்து பின்வாங்கவில்லை.

வெபர் எவரையும் ஏமாற்ற முயலவில்லை. காண வேண்டும் என்னும் வேட்கை மிகுந்த கண்ணுக்கு, இல்லாததும் தோன்றும். அவருக்கு நேர்ந்தது அதுவே. ஆயினும் அவர் விதைத்த ஆர்வம் வீண்போகவில்லை. அவருடைய ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுள் ஒருவரான ஸ்காட்லாந்தின் ரொனால்ட் டிரீவர், பின்னாளில் லைகோவை உருவாக்கிய மூவருள் ஒருவரானார்.

ஒளியே அளவுகோல்

அம்மூவருள் மற்றொருவர் ரெய்னர் வைஸ். 1960களின் பிற்பகுதியில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவர் பொதுச் சார்பியல் கற்பித்தபோது, வெபரின் ஆய்வைப் பற்றி மாணவர்கள் வினவினர். அதற்குத் தெளிவான விடை கூற இயலாத வைஸ், ஈர்ப்பலையை ஒளியைக் கொண்டு அளப்பது எப்படி என்பதை வகுப்புப் பயிற்சியாக்கினார். அப்பயிற்சியே கருவியின் வித்தாயிற்று.

கருவியின் அடிப்படை எளியது. லேசர் ஒளிக்கற்றையை, பாதி ஒளியை ஊடுருவவிட்டுப் பாதியை எதிரொளிக்கும் ஆடியின்மேல் செலுத்தினால் அது இரண்டாகப் பிரியும். பிரிந்த கற்றைகள் ‘ட’ வடிவில் செங்குத்தாக அமைந்த இரு புயங்களின் வழியே சென்று, கோடியிலுள்ள ஆடிகளில் பட்டுத் திரும்பி மீண்டும் இணையும். ஒன்றின் முகடும் மற்றொன்றின் அகடும் பொருந்துமாறு அமைத்தால், ஒளி ஒளியை அழித்து இருளாகும். ஈர்ப்பலை வந்து ஒரு புயத்தை நீட்டி மற்றொன்றைச் சுருக்கினால் அப்பொருத்தம் குலைந்து, இருளில் சிறிது ஒளி கசியும். அக்கசிவே சைகை. இத்தகைய கருவிக்குக் குறுக்கீட்டுமானி என்று பெயர்.

1972இல் வைஸ் எழுதிய அறிக்கை இத்துறையின் அடித்தளமாகக் கருதப்படுகிறது. கருவி எப்படி இயங்கும் என்று விளக்கியதோடு அவர் நிற்கவில்லை. அது எவற்றாலெல்லாம் ஏமாறக்கூடும் என்றும் வரிசைப்படுத்தினார். நில அதிர்வு, வெப்பத்தால் ஆடிகளில் எழும் நுண்ணதிர்வு, லேசர் ஒளியின் ஏற்றத்தாழ்வு, குழாயில் எஞ்சும் வளிம மூலக்கூறுகள் என ஒவ்வொன்றின் அளவையும் மதிப்பிட்டார். கட்டப்படாத ஒரு கருவியின் குறைகளை முன்னதாகவே எழுதி வைத்தது அவ்வறிக்கை.

தெரிந்து தெளிவோம்

லைகோவின் ஒவ்வொரு புயமும் 4 கி.மீ. நீளமுடையது. ஒளி ஒவ்வொரு புயத்திலும் ஏறத்தாழ 300 முறை சென்று திரும்புவதால், புயத்தின் நீளம் 1200 கி.மீ. எனச் சொல்லத்தக்க அளவுக்குப் பெருகுகிறது. ஆடி ஒவ்வொன்றின் நிறை 40 கிலோகிராம். நான்கு அடுக்கு ஊசலின் அடிக்கட்டில், 0.4 மி.மீ. தடிமனுள்ள உருகிய சிலிக்கா இழைகளில் அது தொங்குகிறது. குழாய்களினுள் நிலவும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு.

இரைச்சலுக்கு நடுவே

புரோட்டானைவிடச் சிறிய அசைவை உணரும் கருவிக்கு உலகமே இரைச்சல். தொலைவிலுள்ள கடலின் அலைகள், கடந்து செல்லும் இரயில், காட்டில் மரம் வெட்டுவோர் என எல்லாமே அதனை அசைக்கும். ஒரே வகைக் கருவியை இரண்டு இடங்களில் நிறுவியதன் காரணம் இதுவே. லிவிங்ஸ்டனில் விழும் மரம் ஹான்ஃபோர்டை அசைக்காது. இரண்டு கருவிகளிலும், ஒளி அவ்விடைத்தொலைவைக் கடக்கும் 10 மில்லி நொடிக்குள், ஒரே வடிவில் தோன்றுவதே ஆராயத்தக்க சைகையாகும்.

2017இல் ஹான்ஃபோர்டு கருவியில் இனம்புரியாத துடிப்புகள் தோன்றின. அங்கிருந்த ஒலிவாங்கிப் பதிவுகளைக் கேட்டவர்களுக்கு ஏதோ கொத்தும் ஓசை புலப்பட்டது. வெளியே சென்று பார்த்தபோது, திரவ நைட்ரஜன் அமைப்பின் குழாயில் படிந்த உறைபனியின்மேல் அலகுத் தடங்கள் இருந்தன. பாலைநிலத்தின் கோடையில் தாகம் தணிக்க வந்த அண்டங்காக்கைகள் கொத்திய தடங்கள் அவை. ஆய்வாளர்கள் அத்துடன் அமையவில்லை. தாமும் அக்குழாயைக் காக்கைபோல் தட்டிப் பார்த்து, அதே துடிப்பு எழுவதை உறுதி செய்த பின்னரே குழாயை உறையிட்டுக் காத்தனர். கோடி கோடி கிலோமீட்டருக்கு அப்பால் நிகழ்வதைக் கேட்க விழைவோர், முற்றத்துக் காக்கையையும் கேட்க வேண்டியிருக்கிறது.

உறைக்குள் இருந்த விடை

புறத்தே எழும் இரைச்சலைக் காட்டிலும் அகத்தே எழும் ஆசை பெரிய இடையூறு. அதனை வெல்ல லைகோ குழுவினர் வியப்பூட்டும் வழியொன்றைக் கையாண்டனர். மிகச் சிலரைத் தவிர எவரும் அறியாமல், கருவியின் ஆடிகளை அசைத்துப் பொய்யான சைகையைப் புகுத்துவதே அவ்வழி. மற்றவர்கள் அதனைக் கண்டுபிடிக்கின்றனரா, முறையாக ஆராய்கின்றனரா என்று சோதிப்பது அதன் நோக்கம்.

2010 செப்டம்பர் 16இல் அருமையான சைகை ஒன்று பதிவாயிற்று. பெருநாய் விண்மீன் குழாம் இருக்கும் திசையிலிருந்து வந்ததுபோல் தோன்றியதால் அதற்குப் ‘பெருநாய்’ என்றே பெயரிட்டனர். மாதக்கணக்கில் ஆராய்ந்து, வெளியிடுவதற்கான கட்டுரையையும் எழுதி முடித்தனர். 2011 மார்ச்சில் கலிபோர்னியாவின் ஆர்க்கேடியா நகரில் நூற்றுக்கணக்கானோர் கூடியிருக்க, விடை அடங்கிய உறை திறக்கப்பட்டது. பெருநாய் பொய்ச்சைகை.

எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 2002 முதல் 2010 வரை இயங்கிய முதற்கட்டக் கருவிகள் ஓர் ஈர்ப்பலையைக்கூடக் காணவில்லை. மக்கள் வரிப்பணத்திலிருந்து பெருந்தொகை செலவாகியிருந்தது. வெற்றியை அறிவிக்கும் நெருக்கடி மிகுந்த அந்நாளில்தான், தம் உழைப்பு முழுவதும் பொய்ச்சைகையின் பின்னால் செலவாகலாம் என்று தெரிந்தே அவர்கள் இத்தேர்வுக்கு உடன்பட்டனர்.

எனவேதான், மேம்படுத்தப்பட்ட கருவிகளில் 2015இல் உண்மைச் சைகை வந்தபோது அவர்கள் எழுப்பிய முதல் வினா, இதுவும் புகுத்தப்பட்டதா என்பதாக இருந்தது. இல்லை என்று உறுதியான பின்னரும் ஐயம் நீங்கவில்லை. எவரேனும் வஞ்சகமாகக் கணினியில் நுழைந்து செய்திருப்பரோ என்றும் ஆராய்ந்தனர். ஒரு கருவியின் தரவை மற்றொன்றின் தரவுக்கு எதிரே, உண்மை அலை பொருந்தவே முடியாத அளவுக்கு நேரம் தள்ளி வைத்து, தற்செயலாக எத்தனை முறை இப்படிப் பொருந்தும் என்று கணக்கிட்டனர். வெபரிடம் தவறாக நிகழ்ந்த நேரப் பிறழ்ச்சியை இவர்கள் வேண்டுமென்றே செய்து, அதனையே சோதனைக் கருவியாக்கிக் கொண்டனர். 2,03,000 ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கும் குறைவாகவே இத்தகைய தற்செயல் நிகழும் என்பது விடை. அதன் பின்னரே அவர்கள் வாய் திறந்தனர்.

இதற்கு மாறானதையும் நினைவில் கொள்ள வேண்டும். பேரண்டத்தின் தொடக்கத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் தடத்தைத் தென்துருவத்திலுள்ள பைசெப்-2 தொலைநோக்கியால் கண்டதாக, 2014 மார்ச்சில் வேறொரு குழு செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தது. நடுவர் ஆய்வுக்குப் பிறகு இதழில் வெளியாகும் வரை அது காத்திருக்கவில்லை. பிளாங்க் விண்கலத்தின் தரவுகளோடு இணைத்து ஆராய்ந்தபோது, அத்தடம் நம் பால்வழி மண்டலத்தின் தூசியால் விளைந்ததாக இருக்கலாம் என 2015 தொடக்கத்தில் தெளிவாயிற்று. அவ்வாராய்ச்சியில் அக்குழுவினரும் பங்கேற்றுத் தம் முடிவைத் திருத்திக்கொண்டது பாராட்டுக்குரியது. எனினும் முழக்கம் சென்ற இடமெல்லாம் திருத்தம் சென்று சேர்வதில்லை.

ஐயத்துக்கும் எல்லை உண்டு

ஐயப்பட்டுக்கொண்டே இருந்தால் எதையும் அறிய இயலுமா எனச் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மணிமேகலை அளவைக் குற்றங்கள் எட்டினைக் கூறும்போது ஐயத்தை ஒரு குற்றமாகவும், தேராது தெளிதலை மற்றொரு குற்றமாகவும் எண்ணுகிறது. ஆராயாமல் முடிவுக்கு வருவதும் குறை. ஐயத்திலேயே தங்கிவிடுவதும் குறை. ஐயம் தங்குமிடமாகாமல் வழியாக இருக்க வேண்டும்.

2017 ஆகஸ்டு 17 இதற்கு நற்சான்று. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய சைகை அன்று வந்தது. மோதலுக்கு 1.7 நொடிகள் கழித்து வந்த காமாக் கதிர்களை ஃபெர்மி விண்கலம் பதிவு செய்தது. லிவிங்ஸ்டன் கருவியிலோ சைகையின்மேல் ஓர் இரைச்சல் துடிப்பு விழுந்திருந்ததால், தானியங்கி அமைப்பு அதனை ஒதுக்கிவிட்டது. ஆய்வாளர்கள் தரவைத் தாமே பார்த்து, இரைச்சல் எது, சைகை எது எனப் பிரித்தறிந்து, ஒரு மணி நேரத்துக்குள் உலகின் வானியலாளர்களுக்கு அறிவித்தனர். ஏறத்தாழ 70 நோக்ககங்கள் வானின் அப்பகுதியை நோக்கித் திரும்பின. பொன் போன்ற கன உலோகங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்குச் சான்று கிடைத்தது. இரைச்சலின் இயல்பையெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஐயுற்று அறிந்திருந்தமையால்தான், வேண்டிய பொழுதில் அவர்களால் விரைந்து தெளிய முடிந்தது. நேற்றைய ஐயம் இன்றைய விரைவுக்கு முதலாயிற்று.

அடுத்த தலைமுறையின் கையில்

இத்தேடலில் இந்தியருக்கும் பங்கு உண்டு. நிலைகுலைந்த கருந்துளை, அடித்த மணியின் ஓசைபோல் அதிர்ந்து அடங்கும் என்று 1970இல் கணித்துக் காட்டியவர் சி.வி. விசுவேசுவரா. இரைச்சலில் புதைந்த சைகையைப் பிரித்தெடுக்கும் கணித முறைகளை வளர்த்தவர்களுள் புனேயின் சஞ்சீவ் துரந்தர் குறிப்பிடத்தக்கவர். மகாராட்டிர மாநிலம் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா ஆய்வகத்தை ஏறத்தாழ 2600 கோடி ரூபாயில் அமைக்க 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. அது இயங்கும் நாளில் அதன் முன் அமரப்போகிறவர்கள் இன்று பள்ளியில் பயில்வோரே.

அவர்களுக்குரிய பயிற்சி பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்திலேயே தொடங்கிவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறார். விடை 9.8 என்று முன்பே தெரியும். கணக்கில் 9.1 வருகிறது. அழிப்பானை எடுத்து அலைவுநேரத்தைச் சற்றே மாற்றி எழுதினால் விடை பொருந்திவிடும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். பலர் அதனைச் செய்கின்றனர். சில வேளைகளில் கற்பிப்போரும் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றனர். இது சிறிய பொய்யாகத் தோன்றும். ஆனால் விரும்பிய விடைக்கு ஏற்பக் கண்ணைப் பழக்கும் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.

லைகோவின் ஆடிகளும் ஊசல்களாகத்தான் தொங்குகின்றன. 9.1 வந்தால் 9.1 என்றே எழுதி, நூலின் நீளத்தைச் சரியாக அளந்தோமா, அலைவுகளை எண்ணியதில் பிழை உண்டா, விசிறிக் காற்று குண்டை அசைத்ததா என்று தேடும் மாணவர், அக்குழாயைக் காக்கைபோல் தட்டிப் பார்த்த ஆய்வாளரின் வேலையையே செய்கிறார். அந்தக் குறிப்பேட்டுக்கு முழு மதிப்பெண் வழங்கும் வகுப்பறையும் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. ‘ஐயம் அறிவின் தடையா, படியா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நடத்துக.

2. இயற்பியல் ஆய்வகத்தில் எதிர்பார்த்த விடை வராத சோதனை ஒன்றைத் தேர்ந்து, பிழைக்கான காரணங்களை ஒரு பக்க அளவில் எழுதுக.